ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்து மாத்திரை: வாங்கும் முன், கொடுக்கும்போது, நிறுத்தும்போது

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவர் வந்து போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பட்டியல். மல்டிவைட்டமின் சிரப், வைட்டமின் டி சாஷே, மீன் எண்ணெய், மேக்னீசியம், பி6, மெத்தில் பி12, ஜிங்க், கால்சியம், புரோபயாட்டிக், மூளை வளர்ச்சிக்கு என்று படம் போட்ட ஒரு பவுடர், கடைசியாக மெலடோனின் 'கம்மி' (மிட்டாய் போல் மெல்லும் மாத்திரை). மொத்தம் பதினொன்று.

"பையனுக்கு அஞ்சு வயசுங்க. ஆட்டிசம்னு போன மாசம்தான் சொன்னாங்க. இதெல்லாம் இருக்குங்களா?"

முக்கால்வாசி கடையிலேயே இருந்தது. எடுத்து மேஜையில் வைத்து, ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி அவருக்குக் காட்டினேன். நான்கில் வைட்டமின் டி இருந்தது. மூன்றில் ஜிங்க். இரண்டில் பி6. ஒரே சத்தை நான்கு பெயரில் வாங்க வந்திருக்கிறார். "ரத்தம் ஏதாச்சும் டெஸ்ட் பண்ணீங்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

அன்றைக்கு அவரிடம் நின்றபடி அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் கடை. என் அக்கா மகனுக்கு ஆட்டிசம், வயது எட்டு. வீட்டில் எனக்கு அவன் மாப்பிள்ளை, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவன் விஷயத்தில் நான் செய்த தப்பும் கீழே வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வித்தியாசம். அதை எந்த வைட்டமினும் போக்கியதாக நல்ல ஆய்வு எதுவும் காட்டவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் நிறையப் பேர் நாக்கு, மூக்கு, கண் மூன்றும் ஒப்புக்கொண்ட நாலைந்து பண்டங்களிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். அப்போது உடம்பில் ஏதோ ஒன்று குறையும். இரும்பு குறைந்த பிள்ளை எரிந்து விழும், ராத்திரியெல்லாம் காலை உதைக்கும், பகலில் சோர்ந்து கிடக்கும். இரும்பு ஏறினால் தூங்கும், எரிச்சல் தணியும், தெரபியில் கொஞ்ச நேரம் உட்காரும். பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டு ஆட்டிசமே குறைந்துவிட்டது என்பார்கள். குறைந்தது இரும்புக் குறைபாடு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

முதல் படி: ஒரு வாரம் தட்டைப் பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையிலிருந்து ராத்திரி வரை வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதுங்கள். கொடுத்தது வேறு, சாப்பிட்டது வேறு, சாப்பிட்டதை எழுதுங்கள். பால் எத்தனை டம்ளர், டம்ளர் எவ்வளவு பெரியது, பிஸ்கட் எத்தனை, என்ன பிராண்டு என்பது வரைக்கும்.

மாப்பிள்ளைக்கு ஐந்து வயதில் அக்கா எழுதிய நோட்டில் ஒன்பதே பண்டங்கள்: சர்க்கரை தொட்ட இட்லி, தயிர்சோறு, பால், ஜவ்வரிசி வடகம், அப்பளம், தட்டுவடை, பொரி, ஒரே பிராண்டு பிஸ்கட், உருளைக்கிழங்கு வறுவல். சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட் என்றால் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும் வேண்டும். இவனுக்கு வெறும் தட்டுவடை. பச்சைச் சட்னி ஒரு சொட்டு பட்டிருந்தாலும் தட்டு தரைக்குப் போகும். ஜவ்வரிசி நம்மூர்ப் பெருமைதான், ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. வயிறு நிறையும், வேறெதுவும் பெரிதாகக் கிடைக்காது.

இந்தப் பட்டியலை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். பாலும் தயிரும் இருக்கிறது, அதனால் கால்சியமும் பி12ம் அநேகமாகப் பரவாயில்லை. பழம், காய், கீரை, முட்டை, கறி ஒன்றும் இல்லை. இரும்பு, ஜிங்க், வைட்டமின் சி, வைட்டமின் ஏ நான்கும் சந்தேகம்.

வைட்டமின் சி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்கர்வி என்றால் பழைய கப்பல் மாலுமிகளின் நோய் என்று பள்ளியில் படித்தோம். இன்றைக்கு மருத்துவ இதழ்களில் ஸ்கர்வி வந்த குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளைப் பார்த்தால், அவர்களில் பலர் ஆட்டிசம் உள்ளவர்கள், பழம் காய் பக்கமே போகாதவர்கள். பிள்ளை திடீரென நொண்டும், நடக்க மாட்டேன் என்று உட்காரும், ஈறு வீங்கி ரத்தம் கசியும். வாய் திறந்து வலி சொல்லத் தெரியாத பிள்ளை என்றால் 'அடம்' என்று நினைத்துவிடுவார்கள். எலும்பு, மூட்டு என்று ஸ்கேன் வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டுக் கடைசியில் வைட்டமின் சி கொடுத்ததும் சில நாட்களில் தேறிவிடும். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மங்கல் வெளிச்சத்தில் தடுமாறுவார்கள். கவனிக்காமல் விட்டுப் பார்வையே போனவர்கள் உண்டு. உங்கள் நோட்டில் ஒரு பழமோ காயோ இல்லை என்றால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் நோட்டில் குறியுங்கள். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிறதா? பால் வயிற்றை அடைத்து மற்றச் சாப்பாட்டைத் தள்ளிவிடும், இரும்பு ஏறுவதையும் கெடுக்கும். மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, திருநீறு என்று எடுத்துத் தின்கிறதா? அப்படித் தின்றால் இரும்புச் சத்தோடு ரத்தத்தில் ஈயமும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது படி: டாக்டர், அப்புறம் ஒரே ஒரு ஊசி

நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்கிற இடையீட்டு மையம் இருக்கிறது. வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைகளுக்காகவே உள்ளது, காசு கிடையாது. தனியாரிடம் பார்த்தாலும் சரி. சாப்பாட்டு நோட்டைப் பார்த்தால் டாக்டருக்கே வேலை சுலபம்.

பொதுவாகக் கேட்கப்படும் டெஸ்ட்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12. தேவைப்பட்டால் கால்சியம், தைராய்டு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்றால் இரும்பும் சரி என்று அர்த்தம் இல்லை. ஃபெரிட்டின் என்பது பானையில் சேமித்து வைத்த இருப்பு. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே பானை காலியாகிவிடும். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் ரத்தம் எடுப்பது தனிக் கலை. முந்தைய ஒரு வாரம் வீட்டில் ரப்பர் பேண்டைக் கையில் மாட்டி, பஞ்சால் துடைத்து, ஐந்து வரை எண்ணி விளையாட்டாகப் பழக்குங்கள். மரத்துப்போகச் செய்யும் கிரீம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி, ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடிவிட வேண்டும். லேபில் முதல் டோக்கன் கேளுங்கள். எல்லா டெஸ்ட்டையும் ஒரே குத்தலில் முடிக்கச் சொல்லுங்கள். "அதுவும் எடுத்திருக்கலாமே" என்று மறுநாள் திரும்பப் போனீர்கள் என்றால் அப்புறம் ஆறு மாதத்துக்கு அந்தத் தெருப் பக்கமே வரமாட்டான்.

முடியில் தாது பார்க்கும் டெஸ்ட், நூறு உணவுக்கு அலர்ஜி பார்க்கும் ஐஜிஜி டெஸ்ட் இரண்டும் வேண்டாம். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. "உடம்பில் கனஉலோகம் இருக்கு, இறக்கணும்" என்று யாராவது கீலேஷன் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன் அந்தச் சிகிச்சையின்போதே இறந்தான்.

மூன்றாவது படி: எது, யாருக்கு

எல்லாருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. ரிப்போர்ட்டில் குறைந்திருப்பதும் தட்டில் இல்லாததும்தான் உங்கள் பட்டியல். இருந்தாலும் கடையில் தினமும் கேட்கப்படுவதைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

இரும்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கைமேல் பலன் தெரியக்கூடியது என்று நான் நினைப்பது இதைத்தான், குறைபாடு இருந்தால். ஐந்து வயதுக்கு மேல் ஃபெரிட்டின் (லேப் தாளில் ng/mL கணக்கு) 15க்குக் கீழே போனால் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் ராத்திரி கால் உதைப்பு, புரளல் என்று தூக்கம் கெட்ட பிள்ளைக்கு 50க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்கத் தூக்க நிபுணர்கள் யோசிப்பார்கள். லேப் தாளில் 'நார்மல்' என்று அச்சடித்திருப்பதால் டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். டோஸ் எடைக்குத் தகுந்தபடி டாக்டர் எழுதுவார். சிரப்பை வாங்கும்போது அதில் உள்ள 'தனி இரும்பு' எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், இரும்பு சேர்ந்திருக்கும் ரசாயன உப்பின் எடை வேறு. பாலோடும் டீயோடும் கொடுக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது உள்ளே போனால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் சொல்லுங்கள், மாற்று வழி உண்டு.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. டெஸ்ட்டுக்கோ தெரபிக்கோ இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் நாள் காலையில் வெறும் வயிற்றில் இரும்பு கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்தால் மருந்தினாலா, வளைவினாலா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை பழியை மருந்தின் மேல் போட்டுவிடும்.

வைட்டமின் டி இந்தியாவில் பரவலாகக் குறைவு. சேலத்து வெயிலுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். வெயில் இருக்கிறது, பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கணக்கில் (இதுவும் ng/mL) 20க்கு மேல் போதுமானது, 12க்குக் கீழே குறைபாடு. பல லேப் தாளில் 30க்குக் கீழே எல்லாமே 'குறைவு' என்று தடித்த எழுத்தில் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஒரு வயதுக்கு மேல் தினசரித் தேவை 600 ஐ.யூ. கடையில் கிடைக்கும் சாஷே 60,000 ஐ.யூ. அது வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதுவது, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். அதைத் தினம் ஒன்று என்று நினைத்துக் கொடுத்த வீடு எனக்குத் தெரியும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல். கால்சியம் எகிறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பால்காரர் கணக்கு எழுதுவதுபோல் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டிக் போடுங்கள்.

பி12, சைவ வீடுகளில் பாலும் குறைவாகக் குடிப்பவருக்குக் குறையலாம். குறைந்திருந்தால் கொடுக்க வேண்டியதுதான். குறையாதவருக்கு மெத்தில் பி12 ஊசி போடுவது வேறு கதை. 2016இல் வந்த ஆய்வில் எட்டு வாரம் ஊசி போட்ட பிள்ளைகளிடம் மருத்துவர்கள் கொஞ்சம் முன்னேற்றம் பார்த்தார்கள், பெற்றோர் நிரப்பிய படிவங்களில் அது தெரியவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை குத்திக்கொள்ளும் அளவுக்கு இது போதுமா என்றால், என் மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மீன் எண்ணெய் பற்றிய ஆய்வுகள் நிறைய. பலன் கொஞ்சம், அதுவும் துறுதுறுப்பு விஷயத்தில்தான் சிலவற்றில் தெரிந்தது. மீன் சாப்பிடும் பிள்ளைக்கு வாரம் இரண்டு நாள் மத்தி கொடுங்கள், நம்மூருக்கு லாரியில் வந்தாலும் மத்தி மத்திதான். மேட்டூர் அணை மீன் ருசி, ஆனால் மீன் எண்ணெயில் நாம் தேடும் ஒமேகா-3 கொழுப்பு கடல் மத்தி அளவுக்கு இருக்காது. கேப்ஸ்யூல் வாங்கினால் முன்பக்கம் '1000 மி.கி.' என்று இருக்கும். பின்பக்கம் பாருங்கள், சாதாரண வகையில் அந்தக் கொழுப்பான இபிஏ 180, டிஹெச்ஏ 120 மி.கி.தான், மீதி வெறும் எண்ணெய். ஆளி விதையை உடம்பு இந்தச் சத்தாக மாற்றுவது சொற்பம்.

மேக்னீசியமும் பி6ம் சேர்த்துக் கொடுப்பது ஐம்பது வருஷப் பழைய யோசனை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரன் அமைப்பு 2005இல் அலசியபோது தேறிய ஆய்வுகள் மூன்றே மூன்று, எல்லாவற்றிலும் சேர்த்து 33 பேர். பரிந்துரைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். பி6 அளவு மீறி நாளாவட்டத்தில் போனால் கைகால் நரம்பு கெட்டு மரத்துப்போகும். பேசாத பிள்ளை அதை எப்படிச் சொல்லும்? மேக்னீசியம் அதிகமானால் வயிற்றுப்போக்கு. மேக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளை மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊர் நம்முடையது, பெயரைக் கேட்டதும் ஒரு பாசம் வரும். பாசம் மண்ணோடு இருக்கட்டும்.

லியூகோவோரின் என்ற மருந்து பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மூளைக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் சரியாகப் போய்ச் சேராத ஒரு குறைபாட்டுக்கு இதை அனுமதிக்க நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. அந்த வாரமே நம் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் அதுதான் பேச்சு. இதற்கு ஆதரவான ஆய்வுகள் சின்னவை, சில டஜன் பிள்ளைகள். இது புற்றுநோய் சிகிச்சையோடு கொடுக்கும் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் நான் தரமாட்டேன், யாரும் தரக்கூடாது. சிலருக்குப் பரபரப்பும் எரிச்சலும் கூடும். கர்ப்பிணிகள் போடும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை இதற்குப் பதில் ஆகாது, அது வேறு.

மெலடோனின் சத்து கிடையாது, ஹார்மோன். ஆனால் தூக்கம் வராத ஆட்டிசம் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலிலேயே நல்ல ஆதாரம் இருப்பது இதற்குத்தான். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2020இல் சொன்ன வரிசை இது: முதலில் தூங்கும் பழக்கத்தைச் சரிசெய்யுங்கள், போன், டிவியை முன்கூட்டியே அணையுங்கள், அதிலும் நடக்காவிட்டால் டாக்டர் சொல்லும் குறைந்த அளவில் மெலடோனின், படுக்க அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. மெல்லும் 'கம்மி' மிட்டாய் வடிவம் வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்தார்கள். 22இல் லேபிளில் போட்டதும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை, ஒன்றில் மெலடோனினே இல்லை.

புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது என்று விற்கும் கிருமிகள், கொடுத்தால் கெடுதல் குறைவு, பலனும் நிச்சயமில்லை. தயிர் சாப்பிடும் பிள்ளைக்கு நான் எடுத்துக் கொடுப்பதில்லை. ஜிங்க், தட்டில் பருப்பு, முட்டை, கறி எதுவும் இல்லாதபோது டாக்டர் கொஞ்ச நாள் எழுதலாம். மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் தாமிரச் சத்தைக் குறைத்துவிடும்.

பால், கோதுமை நிறுத்தும் டயட் பற்றியும் கேட்பீர்கள். எல்லாருக்கும் உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நம் வீட்டுச் சாப்பாடு ஏற்கெனவே அரிசிதான். கோதுமையை நிறுத்துவது என்றால் பிஸ்கட், பரோட்டா, ரவை போகும், அவ்வளவுதான். பாலை நிறுத்துவதுதான் ஆபத்து. ஒன்பது பண்டம் சாப்பிடும் பிள்ளையிடம் பாலும் தயிரும் பிடுங்கினால் கால்சியம் எங்கிருந்து வரும்? பாலுக்கு உண்மையிலேயே அலர்ஜி என்றால் ராகி கை கொடுக்கும், 100 கிராமில் 350 மி.கி. பக்கம் கால்சியம் உண்டு. ராகிக் களியின் நிறத்தை உங்கள் பிள்ளை ஏற்றுக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. மாப்பிள்ளை ஏற்றுக்கொள்ளவில்லை.

நான்காவது படி: பாட்டிலைத் திருப்புங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம். ஒரு தாளில் வரிசையாகச் சத்துக்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று போட்டுக் கூட்டுங்கள். பாட்டிலில் 5 மில்லிக்கு என்று போட்டிருக்கும், நீங்கள் 10 மில்லி கொடுப்பீர்கள். அதையும் கணக்கில் எடுங்கள். வைட்டமின் டி சில லேபிளில் மைக்ரோகிராமில் இருக்கும்: ஒரு மைக்ரோகிராம் 40 ஐ.யூ. பாலில் கலக்கும் சத்து பானமும் கணக்கில் வர வேண்டும், அதிலும் பாதி மருந்துக்கடை இருக்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் சேருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான இளஞ்சிவப்பில் 45 மி.கி., பெரிய பிள்ளைகளுக்கான நீலத்தில் 60 மி.கி. இரும்பு.

ரேஷன் அரிசியிலும் இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்த மணிகள் கலந்து வந்திருக்கின்றன. அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கிப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் அரிசியில் இருந்தால் பொறுக்காதீர்கள், அது காசில்லாமல் வரும் சப்ளிமென்ட்.

சத்து தயாரிப்பு என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்கும். அந்த வரியைத் தன் மேலேயே அச்சடித்துக்கொண்டு ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்று விற்றால், இரண்டில் ஒன்று பொய். எது என்று சொல்லத் தேவையில்லை.

வேறு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடும் பிள்ளைக்கு ஃபோலிக் ஆசிட்டைத் தனியாகத் தொடங்கினால் வலிப்பு மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடலாம். அதே மருந்து நீண்ட நாள் போனால் வைட்டமின் டியும் குறையும், அதனால் ஒன்றைத் தடுத்து மற்றொன்றைக் கொடுக்க வேண்டி வரும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஐந்தாவது படி: கொடுப்பது எப்படி (என் தப்பு)

மாப்பிள்ளைக்கு ஃபெரிட்டின் 8 என்று வந்தது. இரும்புச் சிரப்பும் மல்டிவைட்டமினும் எழுதினார் டாக்டர். சிரப் துப்பினான். அக்கா போன் செய்து, "நீதானேடா மருந்துக் கடை வச்சிருக்க, ஒரு வழி சொல்லு" என்றாள். மல்டிவைட்டமின் மாத்திரையைப் பொடித்து இட்லி மாவில் கலந்துவிடு, தெரியாது என்றேன்.

தெரிந்துவிட்டது. நமக்கு இட்லி இட்லியாகத்தான் இருந்தது. நானே தின்று பார்த்தேன். அவன் தட்டுக்கு முன் உட்கார்ந்து, இட்லியை எடுத்து ஓரத்தை மூக்கருகில் வைத்தான். திருப்பினான். அடிப்பக்கத்தையும் மோந்தான். சத்தம் போடவில்லை, அழவில்லை. தட்டை ஒரு விரலால் மெதுவாக மேஜை ஓரம் வரைக்கும் தள்ளிவிட்டு எழுந்து போனான். அப்புறம் நாலு மாதம் இட்லி தொடவில்லை. மாவு மாற்றினோம், தட்டு மாற்றினோம், எங்கம்மா, அதாவது அவனுடைய அம்மாயி, வேறு வீட்டில் வைத்து அவித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊஹூம். ஒன்பது பண்டம் எட்டானது. சத்து சேர்க்கப் போய் இருந்த சாப்பாட்டையும் கெடுத்தேன்.

அதனால் விதி இது: பிள்ளை நம்பிச் சாப்பிடும் பண்டத்தில் மருந்தை ஒளிக்காதீர்கள். மருந்து மருந்தாகவே வரட்டும், தனிப் பாத்திரத்தில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நாங்கள் செய்தது: ஊசி இல்லாத சிரிஞ்சில் வெறும் தண்ணீர், ஒரு வாரம், அவனே அழுத்திக் குடிக்க. அடுத்த வாரம் இரண்டு சொட்டு சிரப் கலந்த தண்ணீர். பிறகு நாலு, பிறகு எட்டு. முழு டோஸுக்கு வர ஐந்து வாரம் ஆனது. இப்படி மெதுவாக ஏற்றப்போவதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சுவருக்கு ஒரு படக் காலண்டர்: சிரிஞ்சு படம், அடுத்துத் தண்ணீர்க் குழாய், அடுத்து ஊஞ்சல். மருந்துக்கு அடுத்து ஊஞ்சல் என்று தெரிந்ததும் அவனே சிரிஞ்சை எடுத்துவர ஆரம்பித்தான்.

சிரப் பல்லில் கறை படுத்தும் என்பதால் கன்னத்து ஓரமாக விட்டு, மேலே தண்ணீர் கொடுங்கள். சுவை ஒத்துவராவிட்டால் வேறு உப்பு, வேறு வாசனை இருக்கிறது, கடையில் கேளுங்கள். நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் மாத்திரையை மட்டும் பொடிக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு இது வேறு மாதிரி. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு, பேசாவிட்டாலும், என்ன கொடுக்கிறோம், எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று கையால் தள்ளினால் அதுவும் பதில்தான்.

ஆறாவது படி: பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

1998இல் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசி போட்ட மூன்று ஆட்டிசம் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவில் பெற்றோர் அலைமோதினார்கள். மறுவருஷம் 56 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள்: பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். உப்புநீர் போட்ட பிள்ளைகளும் முன்னேறியதாகப் பெற்றோர் சொன்னார்கள். முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும் 69 சதவீதம் பெற்றோர் அந்த ஊசி வேண்டும் என்றே இருந்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

பிள்ளைகள் மருந்து இல்லாமலும் வளர்கிறார்கள், மாறுகிறார்கள். நாம் காசு செலவழித்த பிறகு அந்த மாற்றத்தை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இதிலிருந்து தப்பிக்க மூன்று வழி வைத்திருக்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒன்று. இரண்டு புது மருந்து ஒரே வாரத்தில் தொடங்கினால், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் யாரால் என்று தெரியாது. குறைபாடு கடுமையாக இருந்து டாக்டர் சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் மட்டும் விலக்கு.

தொடங்கும் முன் இரண்டு வாரம் எண்ணிக்கை எடுங்கள். 'நல்லா இருக்கான்' என்பது எண்ணிக்கை ஆகாது. எத்தனை மணிக்குத் தூங்கினான், ராத்திரி எத்தனை தடவை எழுந்தான், மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை. மூன்று போதும், நாலாவது எழுதினால் ஒரு வாரத்தில் நோட்டையே விட்டுவிடுவீர்கள்.

மூன்றாவது கொஞ்சம் தந்திரம். வகுப்பு டீச்சரிடமோ தெரபிஸ்ட்டிடமோ வாரம் ஒருமுறை எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள், ஆனால் எந்த வாரம் எதைத் தொடங்கினீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள். மருந்து தொடங்கியது தெரியாதவர் கண்ணில் மாற்றம் பட்டால் அதற்கு மதிப்பு அதிகம். பக்கவிளைவுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் தெரபிஸ்ட்டிடம் சொல்லி வையுங்கள்.

மாப்பிள்ளை நோட்டில், இரும்பு முழு டோஸுக்கு வந்த ஏழாவது வாரம் ராத்திரி எழுவது மூன்று தடவையிலிருந்து ஒன்றாகிவிட்டிருந்தது. பேச்சு மாறவில்லை. கை தட்டித் தட்டி ஓடுவது மாறவில்லை, மாற வேண்டியதும் இல்லை. அக்கா தூங்கினாள்.

ஏழாவது படி: நிறுத்துவது

தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் தேதியையும் எழுதுங்கள். குறைபாட்டுக்குக் கொடுக்கும் இரும்பு, டி இரண்டுக்கும் சுமார் மூன்று மாதத்தில் திரும்ப டெஸ்ட். இருப்பு ஏறியதா, நிறுத்தலாமா, குறைக்கலாமா என்று டாக்டர் சொல்வார். குறைபாடு எதுவும் இல்லாமல் முயன்று பார்த்த மீன் எண்ணெய் மாதிரி அயிட்டம் என்றால் பன்னிரண்டு வாரம்; எண்ணிக்கை நகரவில்லையா, நிறுத்திவிடுங்கள். நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். மோசமாகவில்லை என்றால் அந்தக் காசு வேறு எதற்காவது ஆகும், ஒரு மாதப் பேச்சுப் பயிற்சிக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி போக வேண்டியவை: நிற்காத வாந்தி, ஓயாத தாகத்தோடு சோர்வு, உடம்பில் தடிப்போ முக வீக்கமோ, புதிதாக வலிப்பு. இரும்பு மாத்திரையோ சிரப்போ பிள்ளை நிறையச் சாப்பிட்டுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். இரும்பு அளவு மீறினால் முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று போய், நடுவில் சரியானதுபோல் இருந்துவிட்டு அப்புறம் ஈரலைத் தாக்கும். சிவப்பாக, சர்க்கரை பூசி, மிட்டாய் போலவே இருக்கும் மாத்திரைகள் அவை. ஃபிரிட்ஜ் மேல் வைப்பது போதாது. ஏறத் தெரிந்த பிள்ளைக்குப் பூட்டு போட்ட பெட்டிதான்.

அந்த சனிக்கிழமை வந்தவர் பதினொன்றையும் மேஜையிலேயே விட்டுவிட்டு, எதிரே ஸ்டேஷனரிக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் டாக்டர் சீட்டோடு வந்தார், இரண்டே வரி: ஃபெரிட்டின் 11, அதற்கு இரும்புச் சிரப். கூடவே ஒரு கிலோ கொய்யா தூக்கிக்கொண்டு வந்திருந்தார், ஏற்காடு ரோட்டில் தள்ளுவண்டியில் வாங்கியதாம். "வாசனை பிடிச்சிருக்குங்க அவனுக்கு. கடிக்கல, மோந்து மோந்து பாத்துட்டு இருக்கான்" என்றார்.